குற்றமில்லாமல் வந்த பீரோ

அவர் ஒரு பொருளைப் பார்க்க ஆரம்பித்தால் அதைக் கொண்டுவந்த ஆள் அணைந்துவிடுவான். எதிரிலேதான் நிற்பான், வியர்வை வழியும், மூச்சு வாங்கும். ஆனாலும் இருக்க மாட்டான். பொருள் மட்டும் இருக்கும். அதன் மூலை இருக்கும், விளிம்பு இருக்கும், கவிழ்த்துப் பார்க்க வேண்டிய அடிப்பக்கம் இருக்கும்.

என் மாமனாரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. அவர் இருந்த நாளில் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை பார்ப்பதுதான் அவர் வேலை. நெசவாளி நாள்கணக்கில் குனிந்து நெய்த சேலையைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வருவார். இவர் வாங்கிப் பலகைமேல் விரிப்பார். உடல், கரை, முந்தி என்று உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போவார். கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். எங்கேயோ ஓரிடத்தில் கை நிற்கும். இழை விட்டிருக்கும், இல்லையென்றால் கரையும் உடலும் பல்லுப் பல்லாகக் கோத்துச் சேர்கிற இடத்தில் ஒரு பல் தவறியிருக்கும். "இங்க" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. நெசவாளியின் முகம் எப்படிப் போயிற்று என்று நிமிர்ந்து பார்க்க மாட்டார். பார்த்தால் கை பேசாமல் போய்விடும் என்று பயமோ என்னவோ.

கல்யாணமான புதிதில் வைகாசிக் கருடசேவைக்கு எங்களையெல்லாம் அழைத்துப் போனார். விடியலில் பெருமாள் கோபுரவாசலைத் தாண்டியதும் கூட்டம் கலைந்து நகர்ந்தது. எதிரே வந்த ஒருவர் மனைவியோடு நின்று கும்பிட்டார்.

"இன்னாய்யா, பாக்காத மாதிரி போறீங்க? தெரியலியா நான்?"

மாமா விழித்தார். "யாருப்பா?"

"எத்தினி வருசமா உங்களாண்ட சேலை கொண்டாந்து போட்டுக்கினு இருக்கேன், யாருன்றீங்களே!"

அப்போதும் தெரியவில்லை. அந்தம்மாள் கட்டியிருந்த அரக்குச் சேலையின் முந்தி காற்றில் ஒருமுறை திரும்பியது. மாமாவின் முகம் மலர்ந்தது, காணாமல் போன சொந்தக்காரனைக் கண்டதுபோல.

"அட, நீயா! முந்தியில மயில் கழுத்து கோணிக்கினு போயி, கடைக்கு வேணாம்னு சொல்லி நீயே எடுத்துக்கினு போனியே, அந்தச் சேலைதானே இது!"

அந்தம்மாள் முந்தியை இழுத்து, மயில் வெளியே தெரியாதபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். திருவிழாவுக்கென்று கட்டி வந்த சேலை. நான் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன். மாமா சந்தோஷமாக நடந்தார். ஒருவரை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம்.

கடையோடு நின்றிருந்தால் சரி. வீட்டுக்கு ஏதாவது பெரிய சாமான் வரும்போதுதான் பெண்பிள்ளைகள் நாங்கள் உள்ளே ஒதுங்கிக்கொள்வோம். தேக்குக் கட்டில், தையல் மிஷின், ஆட்டுக்கல். வண்டிக்காரர்கள் வண்டியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கி, தோளில் சாக்கை மடித்துப் போட்டுச் சுமந்து, எங்கள் வீட்டுக் குறுகலான நடையில் பக்கவாட்டாக நுழைத்துக் கூடத்தில் வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தபடி நிற்பார்கள். கேட்க மாட்டார்கள். நிற்பார்கள். அந்த நிற்றல் எதற்கென்று ஊருக்கே தெரியும். கொடுக்கிற வீட்டில் சட்டென்று முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அது வெயிலைப்போல நீளும்.

"கூலி கடைக்காரன் குடுத்துட்டான்" என்பார் மாமா, சாமானைச் சுற்றி வந்துகொண்டே. "இனாம்ன்றது எதுக்கு? குத்தமில்லாம கொண்டாந்து சேத்ததுக்கு. குத்தமில்லன்னா நானே கூப்பிட்டுக் குடுப்பேன். பாக்கலாம்."

பார்ப்பார். கை ஓடும். கை நிற்கும்.

ஆட்டுக்கல் வந்த அன்று ஒரு வண்டிக்காரர் துணிந்து கேட்டார். "கல்லுல இன்னாங்கய்யா குத்தம் பாக்கப் போறீங்க? தூக்கினு வர்றவனுக்குக் கல்லே ஒரு குத்தந்தானே!"

கூட வந்தவர் சிரித்தார். உள்ளே அத்தை சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கல்லைச் சாய்க்கச் சொல்லிக் குனிந்து அடிவிளிம்பைத் தடவினார். "இங்க." நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"அது உளி பட்டதுய்யா. கொத்தும்போதே போனது."

"இருக்கும். எனக்கெப்படிப்பா தெரியும்?"

கஞ்சன் என்று சொல்லி முடித்துவிடலாமென்றால் அதுவும் முடியாது. வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் பை நிறையச் சாத்துக்குடியோடு வருவார். கைமாற்று கேட்டு வந்தவரை வெறுங்கையோடு திருப்பியதில்லை. ஆனால் இனாம் என்பது அவருக்குப் பரிசு. பரிசை எல்லோருக்கும் கொடுத்தால் அது பரிசா என்று கேட்பார். அவர் கையில் அதுவரை ஒரு சேலையும் ஜெயித்ததில்லை. சாமான் எங்கே ஜெயிக்கும்.

அத்தை கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருப்பாள். வண்டிக்காரர்கள் முன்வாசலில் தோற்றுவிட்டுச் சந்து சுற்றிப் பின்பக்கம் வருவார்கள். சொம்பு நிறைய மோர், முந்தானை முடிச்சிலிருந்து சில்லறை. ஆட்டுக்கல்காரர் மோரைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க ஊட்ல முன்னால கோர்ட்டு, பின்னால கோயிலும்மா." அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாமாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தீர்ப்பு தன்னுடையது, அதற்குப் பிறகு நடப்பது தன்னுடையதில்லை என்று விட்டிருப்பார்.

நான் தாமலிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தவள். ஏரிப் பாசனத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். கல்யாணத்தில் இரும்பு பீரோ ஒன்று சீராகப் பேசியிருந்தது. அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. பீரோ நின்றுபோயிற்று.

பீரோ இல்லாத சுவரும் ஒரு சாமான்தான். வந்தவர் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். என் நாத்தனார் ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் உட்காருவாள். "இன்னாம்மா, உங்க ஊரு பீரோ நடந்தே வந்துக்கினு இருக்குதா? கால் வலிக்கப் போவுது பாவம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்குவேன்.

ஒருநாள் மாமா கூடத்திலிருந்தே சொன்னார்: "வரும்போது வரட்டும். அவசரத்துல வர்ற சாமான்லதான் குத்தம் இருக்கும்." நாத்தனார் வாய் அதோடு அடைத்துக்கொண்டது. அன்றைக்கு அவர் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்தேன். வேறு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்யாணத்தில் என் அண்ணன் என் கையில் பொரி அள்ளிப் போட்டாரே, அதை மாமா கவனித்திருக்கிறார். கொஞ்ச நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது தானாகச் சொன்னார்: "உங்கண்ணன் பொரி போட்டப்போ ஒண்ணு கீழ சிந்தல. நிதானமான கை." அவர் வாயில் வந்த பாராட்டு என்று அதைத்தான் நான் கேட்டிருந்தேன். ஊருக்குச் சொல்லியனுப்பினேன். அண்ணனுக்கு ஏகப் பெருமை.

அடுத்த அறுப்பு முடிந்தது. பீரோ தயார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனே கூட வந்து இறக்கிவிட்டுச் சாப்பிட்டுப் போவார் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை அன்று காலையிலேயே, "உளுந்து ஊறப் போடும்மா, சம்பந்தி வீட்டுப் புள்ள மொத மொதல்ல வருது" என்றாள். விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனாள். என் வீட்டுக்காரர் கடைச் சரக்கோடு பெங்களூர் போயிருந்தார். வீட்டில் நானும் மாமாவும்.

சாயங்காலம் என்றது உச்சிவேளைக்கே வந்துவிட்டது. நான் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம்.

"சாச்சு, சாச்சு... நெலையில தட்டும் நெலையில தட்டும்!"

"நீ அப்படி இறக்குய்யா, நான் புடிச்சிக்கினேன்."

அந்த இரண்டாவது குரல் எனக்குத் தெரியும். மாவுக் கையோடு ஓடினேன். கிளிப்பச்சை பீரோ நடைக்குள் படுத்தபடி வந்துகொண்டிருந்தது. முன்னால் இரண்டு பேர். பின்னால் மொத்தக் கனத்தையும் வாங்கிக்கொண்டு, கன்னத்தைத் தகரத்தில் அழுத்தி, முண்டாசும் கிழிந்த பனியனுமாக என் அண்ணன். பீரோ செய்த பட்டறையில் இறக்குகூலி அதிகமென்று ஊரிலிருந்தே ஆள் கூட்டிவந்து, தானும் தோள் கொடுத்திருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் கண்ணால் அடக்கினார். வாசலில் வண்டியின் நுகத்தடியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதற்குள் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை தெரிந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. இறக்கி வைத்துவிட்டு, தெருக்குழாயில் முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டுப் பிள்ளையாக இன்னொரு தடவை இதே வாசலில் நுழையப் போகிறார். நாத்தனார் காதுக்கு எட்டாமல் எல்லாம் முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

முன்னால் பிடித்தவர்களில் வயதானவர் என்னைப் பார்த்து, "தண்ணி குடும்மா" என்றார். சொம்பை நீட்டினேன். என் கண் நிலைக்கதவிலும் பீரோவின் மூலையிலும் இருந்தது. ஒரு கீறல் விழுந்தால் போதும், அது பீரோவின் கீறலாக இருக்காது.

மாமா வந்தார். சுற்றினார். கதவைத் திறந்து மூடினார். சாவியைப் போட்டு எடுத்தார். உள்ளங்கை ஓடியது, முகப்பு, பக்கம், பின்பக்கம். தரையில் கன்னம் பட்டுவிடுமோ என்கிற மாதிரி குனிந்து காலைப் பார்த்தார். எழுந்து மறுபடி ஒரு சுற்று. கை எங்கேயும் நிற்கவில்லை. அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறும் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"குத்தமில்ல" என்றார். அந்தச் சொல்லை அந்த வீடு கேட்டதில்லை.

 என் அப்பாவின் ஒரு வருஷத்து அறுப்பு அங்கே பச்சையாக நின்றது. ஜெயித்துவிட்டது. அப்படியே நின்றிருக்கலாம் நேரம்.

"பின்னால புடிச்சது யாருப்பா?"

 மற்றவர்கள் அண்ணனைக் காட்டினார்கள்.

"நெலைய ஒரசாம கொண்டாந்தே. வா இப்படி." மாமா இடுப்புப் பையைத் திறந்தார். ஒரு ரூபாய் நோட்டு. அதை விரலால் நீவி மடிப்பு எடுத்து, என் அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை மூடியும் விட்டார். "இந்த ஊட்ல மொத இனாம் உனக்குத்தான். பிரிச்சிக்கோங்க."

முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு முழத் தூரம்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "வரேங்கய்யா" என்றார். மாமா என்று கூப்பிட வேண்டிய வாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வண்டி திரும்புகிற சத்தம். மஞ்சள் பை நுகத்தடியோடு ஆடிக்கொண்டே போயிற்று. அந்தப் பணத்தை வாங்கிய கை இனி வெள்ளைச் சட்டைக்குள் நுழைந்து இந்த வீட்டுக்கு விருந்து வராது என்று எனக்குத் தெரிந்தது. மாவு என் விரல்களில் காய்ந்து இறுகியது.

மாமாவுக்கு அன்றைக்கு நல்ல மனசு. பீரோவின் எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டார்.

அத்தை வந்தாள். பீரோவுக்குக் குங்குமம் வைத்தாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். "எங்கம்மா உங்கண்ணன்?"

"வரலியே" என்றார் மாமா. "வண்டிக்காரங்க மூணு பேருதான் வந்தாங்க."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் பார்க்கிறவள். "மூணு பேரும் எப்படி இருந்தாங்க?"

"மூஞ்சிய யாரு பாத்தா? ஒருத்தன் கை நல்ல கை. ஒண்ணு சிந்தாத..."

அங்கே நின்றது. பேச்சும் விசிறியும். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  மாமா செருப்பு மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

மீதியை அண்ணன் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார், தாமலில், ஏரிக்கரைமேல் நடந்துகொண்டே. சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்.

வாடகை வண்டியைத் திருப்பி விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்த டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா வெறுங்காலோடு வந்து எதிரே நின்றிருக்கிறார். ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார். தெரியவில்லை. அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

"உங்கள்ல தாமல் யாருப்பா?"

"மூணு பேருமே தாமல்தாங்க."

மாமா, "கையக் காட்டுங்க" என்றிருக்கிறார். இன்னும் இனாம் வரப்போகிறது என்று மற்ற இருவரும் சட்டென்று நீட்டினார்கள். அண்ணனும் நீட்டினார். மாமா மூன்று கையையும் தொட்டார். அண்ணன் கையில் அவர் கை நின்றது.

"நீதானே பொரி போட்டவன்?"

"ஆமா மாமா."

"அந்த ரூபாயக் குடுத்துடுப்பா."

"டீயும் பன்னும் ஆயிடுச்சே, மாமா."

"ஊட்டுக்கு வா. உளுந்து ஆட்டி வெச்சிருக்குது."

"பஸ்ஸு வந்துடுச்சு மாமா. இன்னொரு நாளைக்கு."

பஸ் வரவில்லையாம். அண்ணன் சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "கூட வந்தாரே பெரியவரு, ஏரிக்கரைக்கு அந்தாண்ட இருக்கறவரு, நம்ம நெலத்துல வேலை செஞ்சவரு. உன்ன சின்னப் புள்ளையில தோள்ல தூக்கினு திருப்புட்குழி திருவிழாவுக்குப் போனாரே. 'தங்கச்சிக்கு என்னை அடையாளம் தெரியலப்பா, தண்ணி குடுத்துது, ஆனா தெரியல'ன்னு பஸ்ல பூரா சொல்லிக்கினே வந்தாரு."

ஏரியில் தண்ணீர் இருந்தது அந்த வருஷம். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அன்று மாமா பொழுது சாய்ந்து திரும்பினார். காலைக் கழுவிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போகும்போது, "உங்கண்ணன் கையில குத்தமில்லம்மா" என்றார். வடை யாரும் தின்னவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார், நல்லது கெட்டதுக்கு, வெள்ளைச் சட்டையோடு. மாமா எழுந்து நின்று வரவேற்பார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

கடையில் அவர் எப்போதும்போலத்தான் இருந்தார். வீட்டில் சாமான் வந்தால் மட்டும் மாறிப்போனார். சுற்றிப் பார்ப்பதில்லை. இறக்கி வைக்குமுன்னே இடுப்புப் பையைத் திறந்துவிடுவார். கொடுக்குமுன் என்னைக் கூப்பிடுவார். "அம்மா, இங்க வா. இவங்கள்ல நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா பாரு." வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். "நாங்கல்லாம் உங்க ஆளுதாங்கய்யா, போட்டுக் குடுங்க!" நான் "இல்ல மாமா" என்பேன். அதற்குப் பிறகுதான் கொடுப்பார்.

கடைசியாக அவர் இருக்கும்போது வந்தது பிரிட்ஜ். அதற்குள் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. சாய்வு நாற்காலியில் இருந்தபடி, வந்தவர்களின் கையை ஒவ்வொன்றாக வாங்கித் தொட்டுப் பார்த்தார். அத்தை உயிரோடு இல்லை அப்போது. கொல்லைக் கதவுக்கும் வேலை இல்லை.

"அம்மா, நம்ம ஆளு யாராச்சும்?"

"இல்ல மாமா."

அவர் கையிலிருந்த நோட்டு நீளவில்லை. மங்கிப்போன கண்ணை என் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா."

நான் அப்போது பிரிட்ஜின் பக்கவாட்டில் குனிந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தேன். மேல் மூலையில், கைப்பிடிக்குப் பக்கத்தில், ஏதோ நெருடியது.